மூன்று விஞ்ஞானிகளும் ஒரு காலிக் கோப்பையும்

"நிறுத்து. கொஞ்சம் பின்னால போ" என்றான் ஆந்தை.

உதவியாளன் ரேடியோ, திரையில் ஓடிய படத்தைப் பின்னுக்கு இழுத்தான். "காலையிலிருந்து இதே இடத்தைத் தேய்க்கிறோம் அத்தான். இன்னொரு தடவை ஓட்டினா அமைச்சரே இறங்கி வந்து, உங்களுக்கு என்னய்யா வேணும்னு கேட்டுடுவார்."

"வாயை மூடிட்டு அவர் கையில இருக்கற கோப்பையைப் பாரு."

சோடாபுட்டிக் கண்ணாடியும் இமைக்காத பார்வையுமாக இருந்ததால் அந்தத் துப்பறிவாளனுக்கு ஆந்தை என்று பெயர் ஒட்டிக்கொண்டது. உதவியாளனின் வாய் மூடியிருந்து யாரும் பார்த்ததில்லை என்பதால் அவன் ரேடியோ. ஆந்தையின் மனைவிக்குத் தம்பி. கல்யாணத்தோடு இலவச இணைப்பாக வந்தவன். திருப்பித் தர வழியில்லை.

மூன்றாவதாக ஒரு பெண்மணி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் கைப்பை. அதை யாரோ பிடுங்கப் போகிறார்கள் என்பதுபோல இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அவள் கணவர் புதுமை மதிப்பீட்டு அலுவலகத்தில் மதிப்பீட்டாளர். மறுநாள் காலை அவருக்கு விசாரணை.

விஷயம் இதுதான். எந்த நாடு சொந்த மூளையால் பிழைக்கிறது, எந்த நாடு அடுத்தவன் மூளையை வாங்கிப் பிழைக்கிறது என்று வருஷா வருஷம் உலகத் தரவரிசை ஒன்று வெளியாகும். இந்த நாடு மேல்தட்டுக்கு ஏற ஒரே ஒரு படி பாக்கி. வரவேற்பு வளைவுகள்கூடத் தயார். அந்த நேரம் பார்த்து மதிப்பீட்டாளர், நாட்டின் பெரிய ஆராய்ச்சி மையத்துக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றார். வாசல் காவலாளியைத் தவிர அங்கே ஈ காக்கா இல்லை. 'இங்கே ஆராய்ச்சி எதுவும் நடக்கவில்லை' என்று எழுதி ஒரு பூஜ்யத்தையும் போட்டுவிட்டு வந்தார்.

படி சறுக்கியது. பதறிப்போன அமைச்சர் ஒரு குழுவைக் கூட்டிக்கொண்டு தானே நேரில் போனார். கூடம் நிறைய வெள்ளைக் கோட்டு விஞ்ஞானிகள். அதைப் படம் பிடித்து, பின்னணி இசை சேர்த்து, எல்லா சேனலிலும் ஓட்டினார்கள். பொய் அறிக்கை எழுதி நாட்டின் பெயரைக் கெடுத்தார் என்று மதிப்பீட்டாளர் மேல் குற்றச்சாட்டு. நிரூபணமானால் வேலை போகும், கூடவே ஓய்வூதியமும் போகும். ஜெயில்கூட உண்டு என்று ஒரு வக்கீல் கேட்காமலே சொல்லியிருந்தார்.

"அவருக்குப் பொய் எழுத வராது சார்" என்றாள் மனைவி. "பொண்ணு ஆசையா ஒரு படம் வரைஞ்சு காட்டினா, பத்துக்கு அஞ்சு போட்டு, ஏன் அஞ்சுன்னு விளக்கமும் சொன்னார். அவ இன்னும் அவரை மன்னிக்கல."

"சின்னக் குழந்தைதானே, மறந்துடும்" என்றான் ரேடியோ.

"அவளுக்குக் கல்யாணமே ஆயிடுச்சு தம்பி."

திரையில் அமைச்சர் தேநீரைக் குடித்து முடித்தார். காலிக் கோப்பையை மேசை ஓரத்தில் வைத்தார். சுற்றி நின்ற விஞ்ஞானிகளில் மூன்று பேரின் வலது கை ஒரே நொடியில் பாய்ந்தது. ஒருவன் கோப்பையை எடுத்துவிட்டான். மற்ற இருவரும் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்கள். அதில் ஒரு பெண், தலையைக் கோதத்தான் கையைத் தூக்கினேன் என்பதுபோல, தன் கிராப்புத் தலையைத் தடவிக்கொண்டாள்.

"அமைச்சருக்கு மரியாதை அத்தான்."

"மரியாதைன்னா யாரு எடுக்கறதுன்னு முதல்ல ஒருத்தரை ஒருத்தர் பார்ப்பாங்க. இவங்க பார்க்கவே இல்ல. கை தானா போகுது. இது பழக்கம்டா. விஞ்ஞானி மேசையில காலிக் கோப்பை வாரக்கணக்கா காயும். பூஞ்சை பூத்தா அதையும் ஆராய்ச்சி பண்ணுவான். காலிக் கோப்பையைக் கண்டதும் கை துடிக்கிறவங்க யாரு?"

"எங்க அக்காவுக்கும் உங்க கோப்பையைக் கண்டா கை துடிக்குது. எடுக்கறதுக்கு இல்ல, எறியறதுக்கு."

"சர்வர்டா! இன்னும் பாரு. மேசைக்கு நடுவுல நடக்கும்போது அத்தனை பேரும் ஒருக்களிச்சுத்தான் போறாங்க. இடது கை தோள்மட்டத்துல நிக்குது, தட்டு இருக்கற மாதிரி. காலைப் பாரு. எல்லாருக்கும் வழுக்காத ரப்பர் செருப்பு, கறுப்பு. ஒரே இடத்துல பழகின ஆளுங்க. இத்தனை பேரை ஒரே நாள்ல அனுப்பக்கூடிய இடம் இந்த ஊர்ல ஒண்ணுதான்."

"ஏரிக்கரை மாநாட்டு மண்டபம்!" என்று ரேடியோ துள்ளினான்.

நாற்காலி நுனியிலிருந்து மனைவி எழுந்தேவிட்டாள். "அப்ப அவங்க எல்லாம் வேஷமா? அவர் தப்பிச்சிடுவாரா சார்?"

ஆந்தை யாருக்கும் வாக்குக் கொடுக்கிற ஆளில்லை. அன்றைக்கு என்ன வந்ததோ, கொடுத்துவிட்டான். "நாளைக்கு விசாரணைக்கு ஒரு சர்வரோட வரேம்மா."

*

மண்டபத்தில் அன்றும் ஒரு மாநாடு. அதுவும் எதைப் பற்றி என்றால், புதுமைப் பொருளாதாரம் பற்றி. வாசலில் அடுக்கியிருந்த அடையாள அட்டைகளில் இரண்டை எடுத்து ரேடியோ தன் கழுத்தில் ஒன்றும் அத்தான் கழுத்தில் ஒன்றுமாக மாட்டினான். தேடிப் பார்த்து, 'சிறப்பு விருந்தினர்' என்று போட்டதைத் தனக்கே வைத்துக்கொண்டான்.

உள்ளே மதிய உணவு நேரம். மேடையில் ஒருவர் சாப்பாட்டையும் மீறிப் பேசிக்கொண்டிருந்தார். லட்சம் பேருக்கு எத்தனை ஆராய்ச்சியாளர்கள் என்ற கணக்கில் நாம் பக்கத்து நாட்டைத் தாண்டிவிட்டோம் என்றார். முள்கரண்டியை வைத்துவிட்டுக் கை தட்டினார்கள். பாதிப் பேர் அதிகாரிகள், பாதிப் பேர் முதலீட்டாளர்கள். சுவரோரம் கறுப்பு உடையில் வரிசையாகச் சர்வர்கள், ஒரு கை முதுகுக்குப் பின்னால்.

"கிராப்பு வெச்ச அந்தப் பொண்ணு இருக்காளா?"

"இந்தத் தூரத்துல எல்லாரும் காக்கா மாதிரிதான் தெரியறாங்க அத்தான். ஒவ்வொருத்தர் முகமா உத்துப் பார்த்தா உதைப்பாங்க."

ஆந்தை யோசித்தான். "கோட்டு மாட்டி நிறுத்தினவங்க அன்னிக்கு இவங்களை 'டாக்டர் டாக்டர்'னு கூப்பிட்டுத்தான் பழக்கியிருப்பாங்க. ஒத்திகை பார்த்த காது அவ்வளவு சீக்கிரம் மறக்காது. நீ போய் அந்த வரிசை கிட்ட நின்னு ஒரு குரல் குடு. திரும்பற தலைதான் நம்ம சாட்சி."

ரேடியோவுக்குக் குரல் கொடுக்கச் சொல்லித் தரவேண்டியதில்லை. தட்டில் ஒரு ரொட்டித் துண்டோடு போய் நின்று, "டாக்டர்!" என்றான்.

மேசைகளில் ஒருவரும் நிமிரவில்லை. சுவரோரம் நின்ற வரிசை மொத்தமும் திரும்பியது.

ரேடியோ வாயில் ரொட்டியோடு உறைந்தான். ஆந்தை கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தான். ஒத்திகை பார்த்தவர்கள் திரும்பினால் திடுக்கிட்டுத் திரும்புவார்கள். இவர்கள் வீட்டில் பெயர் சொல்லிக் கூப்பிட்டதைப்போல, என்ன என்று கேட்கும் முகத்தோடு சாதாரணமாகத் திரும்பியிருந்தார்கள்.

வரிசையில் நான்காவதாக அந்தக் கிராப்புத் தலை இருந்தது.

*

சமையலறைக்குப் போகும் நடைவழியில் அவளைப் பிடித்தார்கள். தள்ளுவண்டியில் அழுக்குத் தட்டுகள். உள்ளே பாத்திரம் கழுவும் இயந்திரம் இரைந்தது. ஆந்தை குடித்து முடித்த கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, மதிப்பீட்டாளருக்காக வந்திருப்பதாகச் சொல்லி, நேராக விஷயத்துக்கு வந்தான்.

"ஆராய்ச்சி மையத்துல வெள்ளைக் கோட்டு போட்டு நின்னது நீங்கதானே?"

"ஆமா."

"யாரு நடிக்கச் சொன்னாங்க?"

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "நடிக்கவா? நான் அங்கதான் சார் வேலை பாக்கறேன்."

"அப்ப இங்க?"

"இங்கயும் வேலை பாக்கறேன். அங்க தர்ற சம்பளம் பாதி மாசம் வரைக்கும் வரும். மீதி மாசத்துக்கு இது."

"சும்மா சொல்லாதீங்க" என்றான் ரேடியோ.

"என் படிப்பு மின்கலம். அதுலதான் டாக்டர் பட்டம். கதவுகிட்ட நிக்கறவர் புரதம். அதோ சூப் ஊத்தறாரே, அவர் செயற்கைக்கோள்."

"அதான் சூப் சுத்திக்கிட்டே இருக்கு, என் மேசையில இறங்கவே மாட்டேங்குது."

அவள் சிரிக்கவில்லை. ஆந்தையும் சிரிக்கவில்லை. மூன்று கேள்வி கேட்டான், மூன்று பதில் வந்தது. எல்லாருக்கும் முறையான நியமன ஆணை உண்டு. எல்லாரும் நிஜமாகவே படித்தவர்கள். வேலையில் சேர்ந்த நாளிலேயே, கருவிகள் வரும்வரை வீட்டிலிருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ஒருவரும் இன்னும் ஒரு சோதனைக் குழாயைக்கூடக் கையால் தொடவில்லை.

"கருவி எப்ப வரும்?"

"அடுத்த வருஷம். இந்த வருஷம் வெறும் தலைக்கணக்கு, எத்தனை பேர் இருக்கோம்னு காட்டறது. எல்லாத்தையும் ஒரே வருஷத்துல காட்டிட்டா, அடுத்த வருஷம் எதைக் காட்டி மேல ஏறறது? எண்ண வர்றவங்க முன்கூட்டியே சொல்லிட்டு வருவாங்க. எங்களுக்கும் போன் வரும். கோட்டை மாட்டிட்டுப் போய் நிப்போம். உங்க ஆள் சொல்லாம வந்துட்டார். பாவம்."

ஆந்தைக்கு உயிர் வந்தது. "இதைத்தான் நீங்க நாளைக்கு வந்து சொல்லணும். அவர் போனப்ப யாரும் இல்ல, அமைச்சர் போனப்ப கூப்பிட்டாங்க. அவர் எழுதினது நிஜம்னு ஆயிடும்."

அவள் தள்ளுவண்டியின் மேல் சாய்ந்துகொண்டாள். வகுப்பில் பின்பெஞ்சுக்காரனுக்கு விளக்குகிற பொறுமை அவள் குரலில் இருந்தது.

"வரேன் சார். இந்த ரெண்டு வேலையும் போனாலும் பரவால்லன்னு வரேன். வந்தா என்ன கேப்பாங்க? நீ ஆராய்ச்சியாளரா? ஆமா. அந்த மையத்துல வேலையில இருக்கியா? ஆமா. அமைச்சர் வந்தப்ப அங்க இருந்தியா? ஆமா. அவ்வளவுதான். என்னோட மூணு 'ஆமா'லயே உங்க ஆள் மாட்டிக்குவார்."

"யாருமே இல்லாம இருந்ததே?"

"எங்க ஆணையில 'பணியிடம்: தேவைக்கேற்ப'ன்னு போட்டிருக்கு. சிந்தனைக்குச் சுவர் வேண்டாம்னு எங்க இயக்குநர் பேட்டியே குடுத்திருக்கார். அன்னிக்கு நாங்க வீட்டுல உட்கார்ந்து யோசிச்சுட்டு இருந்தோம். இல்லன்னு நிரூபிங்க பார்ப்போம்."

திருடன் பின்கதவு வழியாக ஓடியிருந்தால் துரத்தலாம். இங்கே வாசல் கதவு திறந்து கிடந்தது, எல்லாரும் அதன் வழியாகவே ஒழுங்காகப் போய் வந்துகொண்டிருந்தார்கள்.

"போலி விஞ்ஞானியைத் தேடி வந்தீங்க" என்றாள் அவள். "நாங்க நிஜ விஞ்ஞானியாப் போயிட்டோம். மன்னிச்சுக்குங்க."

உள்ளே மணி அடித்தது. அவள் வண்டியைத் தள்ளினாள். போகிற போக்கில் வலது கை ஜன்னல் விளிம்பிலிருந்த கோப்பையை எடுத்து அழுக்குத் தட்டுகளோடு சேர்த்தது. எடுத்தபிறகுதான் அவளே அதைக் கவனித்தாள்.

"பாருங்க" என்றாள், வேறு யாருடைய கையையோ பற்றிச் சொல்வதைப்போல.

*

சாயங்காலம் மதிப்பீட்டாளரின் வீட்டில் அவர் மறுநாளைக்கான சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒல்லியான, நேரான மனிதர். சட்டைக் கழுத்தை இரண்டாம் முறை திருப்பிப் போட்டுத் தேய்க்கிற ரகம். ஆந்தை எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை இஸ்திரிப்பெட்டியைக் கையிலேயே வைத்திருந்தார்.

"அப்ப அவங்க எல்லாருமே அசலா?"

"அசல் சார்."

"நான் போனப்ப ஒருத்தரும் இல்லையே, அது?"

"அதுவும் அசல்தான்."

அவர் தலையாட்டினார். தப்பான கணக்குக்குச் சரியான விடை வந்துவிட்ட மாதிரி ஒரு குழப்பம் அவர் முகத்தில். மனைவி சமையலறை வாசலில் நின்றிருந்தாள். அவள் ஆந்தையைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"வேற வழியே இல்லையா சார்?" என்றாள்.

இருந்தது. வரும் வழியெல்லாம் ஆந்தை அதைச் சொல்லாமலிருக்கத்தான் பார்த்தான். "மையம் இருக்கற தொழில் பூங்காவுல கட்டடங்கள் எல்லாம் ஒரே மாதிரிக் கண்ணாடிக் கட்டடங்கள். பக்கத்துல ரெண்டு கட்டடம் இன்னும் யாருக்கும் வாடகைக்குப் போகல. தப்பான கட்டடத்துக்குப் போயிட்டேன்னு சார் சொன்னா..." அவன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "பொய்யின்னா குற்றம். தவறுன்னா மன்னிச்சுடுவாங்க. அவங்களுக்கும் இது சீக்கிரம் முடிஞ்சா நல்லது."

"அத்தான்" என்றான் ரேடியோ தாழ்ந்த குரலில். "நாம துப்பறியறவங்க."

"தெரியும்டா."

மதிப்பீட்டாளர் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தார். ஒத்திகை தொடங்கியது.

"நான் தப்பான கட்டடத்துக்குப் போயிட்டேன். ஆனா வாசல்ல மையத்தோட பெயர்ப்பலகை இருந்தது."

"பெயர்ப்பலகையைப் பத்தி யாருங்க கேட்டா?" என்றாள் மனைவி.

"இருந்ததே?"

"இருக்கட்டும். நீங்க பார்க்கல. சொல்லுங்க."

"நான் தப்பான கட்டடத்துக்குப் போயிட்டேன். காவலாளி என் பெயரை எழுதிக்கிட்டு..."

"காவலாளியும் வேண்டாம்!"

"அப்ப நான் உள்ள எப்படிப் போனேன்னு கேட்டா?"

"தெரியலைன்னு சொல்லுங்க. ஞாபகம் இல்லைன்னு சொல்லுங்க. வயசாயிடுச்சுன்னு சொல்லுங்க." அவள் குரல் உடைந்தது. உடைந்ததை அவளே விழுங்கிக்கொண்டு, "மறுபடி முதல்ல இருந்து" என்றாள்.

அந்த மனிதர் முப்பது வருஷமாக எதையும் விடாமல் அளந்து எழுதியவர். எதை விட்டுவிடுவது என்று அவருக்குச் சொல்லித்தர ஒரு மாலை முழுக்க ஆயிற்று. கடைசியில் ஒருமுறை தங்குதடையின்றிச் சொல்லிவிட்டார். நன்றாகவே இருந்தது. ஆந்தையே நம்பியிருப்பான்.

*

விசாரணை அறைக்கு வெளியே ஒரு நீண்ட பெஞ்சு. மனைவி ஒரு முனையில், ஆந்தை மறுமுனையில், நடுவில் ரேடியோ. எதிர்ச் சுவரில் நாடு மேலேறும் வரைபடம் ஒன்றைச் சட்டமிட்டு மாட்டியிருந்தார்கள். கோடு ஏறிக்கொண்டே போய்ச் சட்டத்தில் முட்டி நின்றது.

"ஏணி சின்னதா வாங்கிட்டாங்க போல" என்று ரேடியோ முயன்று பார்த்தான். யாரும் திரும்பவில்லை. அவனும் அதை வற்புறுத்தவில்லை.

கதவு திறந்து மதிப்பீட்டாளர் வெளியே வந்தார். மனைவி எழுந்து பாதி தூரம் போய், அதற்குமேல் போகத் துணிவில்லாமல் நின்றாள்.

"விட்டுட்டாங்க" என்றார் அவர்.

அவள் சுவரில் கையூன்றிக்கொண்டாள்.

"ரொம்ப மரியாதையா நடத்தினாங்க. தலைவர் எனக்குத் தண்ணி ஊத்திக் குடுத்தார். மனுஷன்னா தவறு செய்யறதுதான்னு சொன்னார். வேலையும் இருக்கு, ஓய்வூதியமும் இருக்கு."

"அப்புறம் என்னங்க? வாங்க, வீட்டுக்குப் போலாம்" என்று அவள் அவர் கையைப் பிடித்தாள். அவர் நகரவில்லை.

"சரியான கட்டடத்துக்கு இன்னொரு தடவை போகச் சொல்லியிருக்காங்க. இந்தத் தடவை முன்கூட்டியே அவங்களுக்குத் தெரிவிச்சுட்டு. தேதி குடுத்துட்டாங்க. புது அறிக்கையும் நானே எழுதணுமாம். நான் எழுதினாத்தான் உலகத்துக்கு நம்பிக்கை வருமாம்."

ரேடியோ பெஞ்சிலிருந்து எழுந்தான்.

"நான் போறப்ப எல்லாரும் இருப்பாங்க" என்று அவர் யோசித்து யோசித்துச் சொன்னார். "எல்லாரும் நிஜமாப் படிச்சவங்க. நிஜமா வேலையில இருக்கறவங்க. தலையை எண்ணினா சரியா வரும். முழு மதிப்பெண் போட்டுத்தான் ஆகணும்." அவர் ஆந்தையின் பக்கம் திரும்பினார். அந்தக் கேள்வியை முந்தைய நாள் யாரும் அவரோடு ஒத்திகை பார்க்கவில்லை. "அதுல பொய் ஒண்ணும் இல்லையே சார்?"

மனைவியும் ஆந்தையைப் பார்த்தாள். ரேடியோவும் பார்த்தான்.

"இல்ல சார்" என்றான் ஆந்தை. "ஒரு வார்த்தைகூடப் பொய் இல்ல."

மதிப்பீட்டாளர் நிம்மதியாக மூச்சு விட்டார். மனைவியோடு படியிறங்கிப் போனார். தன் தொழிலில் எத்தனையோ பேருடைய பொய்யை முகத்தைப் பார்த்தே சொன்னவன் ஆந்தை. ஓர் உண்மையைச் சொல்லிவிட்டுத் தன் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் அவன் நின்றது அன்றைக்குத்தான்.